திருத்துறைப்பூண்டியில் குடிசை வீட்டுக்காரர் ஜெயித்தது எப்படி?

கேள்வி இதுதான்: 2021-ல் குடிசை வீட்டில் இருந்த மாரிமுத்து திருத்துறைப்பூண்டி எம்.எல்.ஏ ஆனது எப்படி, அந்தத் தொகுதி அதற்கு முன்னால் யாருக்கு ஓட்டுப் போட்டது?

நான் அந்தத் தொகுதி வாக்காளன். தோழர் மாரிமுத்து கோட்டூர் பக்கத்துக்காரர், விவசாயக் கூலிக் குடும்பம், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியில் பல வருடம் வேலை செய்தவர். அவர் ஜெயித்ததும் பத்திரிகைகள் குடிசையைப் படம் எடுத்துப் போட்டு அதிசயம் என்று எழுதின. எங்களுக்கு அதில் அதிசயம் இல்லை.

1971 முதல் 2011 வரை பத்துச் சட்டமன்றத் தேர்தல்களிலும் இங்கே ஜெயித்தது அந்தக் கட்சியின் சின்னமான கதிர் அரிவாள்தான். மணலி கந்தசாமி, அப்புறம் உத்திராபதி மூன்று முறை, பழனிச்சாமி நான்கு முறை, உலகநாதன் இரண்டு முறை. எல்லாம் கூட்டணி பலம் என்று சிலர் சொல்வார்கள். கூட்டணி வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் 1991-ஐப் பாருங்கள். ராஜீவ் காந்தி கொலைக்குப் பிறகு அடித்த அலையில் அ.தி.மு.க - காங்கிரஸ் அணி 225 இடங்களை அள்ளியது, தி.மு.க இரண்டே இடத்தில்தான் ஜெயித்தது. தி.மு.க அணியில் இருந்த இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு மாநிலம் முழுக்கக் கிடைத்தது ஒரே ஒரு தொகுதி. அது எங்களுடையது. 1996-ல் தி.மு.க பக்கம், 2001-ல் அ.தி.மு.க பக்கம், 2006-ல் மறுபடி தி.மு.க, 2011-ல் அ.தி.மு.க என்று கட்சி அணி மாறிக்கொண்டே இருந்தபோதும் ஓட்டு மாறவில்லை.

காரணம் 1940-களில் இருக்கிறது. பண்ணையாட்களை, அதாவது மிராசுதார்களிடம் அடிமை போல வேலை செய்த கூலிகளை, சவுக்கால் அடிப்பதும் சாணிப்பால் (கரைத்த சாணி) குடிக்க வைப்பதும் எங்கள் ஊர் இருக்கும் கீழத்தஞ்சையில் சாதாரணமாக நடந்த காலம் அது. கன்னடக் குடும்பத்தில் பிறந்த கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாச ராவ் இங்கே வந்து, சேரிகளிலேயே தங்கி, விவசாயிகள் சங்கம் கட்டினார். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது அந்தப் போராட்டங்களின் அழுத்தத்தால்தான். தாத்தா வாங்கிய அடியையும் அது நின்றதையும் வீட்டில் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் இந்தத் தனித் தொகுதியில் நிறையப் பேர். அவர்களுக்குக் குடிசையிலிருந்து வரும் வேட்பாளர் வீட்டு மனிதர் மாதிரி.

2016-ல் மட்டும் கட்சி தி.மு.க, அ.தி.மு.க இரண்டோடும் சேராமல் மக்கள் நலக் கூட்டணியில் நின்றது, தி.மு.க-வின் ஆடலரசன் ஜெயித்தார். 2021-ல் தி.மு.க-வோடு சேர்ந்ததும் கதிர் அரிவாள் திரும்பி வந்தது. சீனிவாச ராவ் நினைவிடம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது, இந்தப் பக்கம் வந்தால் பாருங்கள்.