பக்கத்து நாட்டுப் புகைக்கு யார் பொறுப்பு?

கேள்வி: எரிப்பது பக்கத்து நாடு, மூச்சுத் திணறுவது இந்தப் பக்கத்து மக்கள். நேராக வழக்குப் போடாமல் பேச்சுவார்த்தை என்று ஏன் வருஷக்கணக்கில் இழுக்கிறார்கள்?

பதில்: வழக்குப் போடலாம்தான், ஆனால் எதிர்த்தரப்பு நாடும் சம்மதித்தால்தான் சர்வதேச நீதிமன்றமோ நடுவர் மன்றமோ விசாரிக்கவே முடியும். கனடாவின் டிரெயில் ஊரில் ஒரு ஈய, துத்தநாக உருக்காலை. அதன் கந்தகப் புகை கொலம்பியா ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக எல்லை தாண்டிப்போய் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பயிர்களையும் மரங்களையும் கருக்கியது. இரண்டு அரசுகளும் ஒத்துக்கொண்டு நடுவர் மன்றம் அமைத்ததால்தான் 1941-ல் இறுதித் தீர்ப்பு வந்தது. தன் மண்ணிலிருந்து கிளம்பும் புகை அடுத்த நாட்டில் பெரிய சேதம் செய்ய எந்த நாடும் விடக்கூடாது என்றார்கள், கூடவே சேதத்துக்குத் தெளிவான ஆதாரமும் கேட்டார்கள்.

அந்த ஆதாரத்தில்தான் எல்லாச் சண்டையும். ஸ்வீடன், நார்வே ஏரிகளில் அமில மழையால் (கந்தகப் புகை கலந்து அமிலமாகிப் பெய்யும் மழை) மீன்கள் செத்தபோது, காரணம் பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளின் புகைபோக்கிகள் என்று சொன்னால் யாரும் லேசில் ஏற்கவில்லை. ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து காற்றை அளக்க ஆரம்பித்தன, எந்த நாட்டுக் கந்தகம் எங்கே போய் விழுகிறது என்று கணக்குப் போட்டன. எல்லை தாண்டும் காற்று மாசு பற்றிய 1979 ஜெனீவா ஒப்பந்தத்தில் குறைப்பு அளவு எதுவும் கிடையாது; 1985-ல்தான் கந்தகப் புகையை 30 சதவீதம் குறைப்பதாகப் பல நாடுகள் கையெழுத்திட்டன. பிரிட்டன் அப்போதும் போடவில்லை, 1994-ல்தான் அடுத்த ஒப்பந்தத்துக்கு வந்தது. இழுத்தடிப்புதான், எனக்கும் கோபம் வருகிறது, ஆனால் பொது அளவீடு இல்லாமல் இந்த அளவுக்குக்கூட வந்திருக்காது.

கேள்வி: இந்தோனேசியாவின் புகைமூட்டம் மட்டும் ஏன் தீரவில்லை? மன்னிப்புக்கூடக் கேட்டார்களே?

பதில்: 2013-ல் அதிபர் யுதோயோனோ சிங்கப்பூரிடமும் மலேசியாவிடமும் மன்னிப்புக் கேட்டார், நல்ல விஷயம். ஆனால் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் 2002-ல் கையெழுத்தான புகைமூட்ட ஒப்பந்தத்துக்கு இந்தோனேசியா முறைப்படி ஒப்புதல் தந்தது 2014-ல்தான், அதில் தண்டனையும் இல்லை. அடுத்த வருஷமே மறுபடி பெரிய தீ. எரிவது சாதாரணக் காடு அல்ல. தோட்டப் பயிருக்காகக் கால்வாய் வெட்டி நீரை வடித்த சதுப்பு நிலம். மட்கியும் மட்காமலும் மீட்டர் கணக்கில் கிடக்கும் தாவரக் குவியலில் தீ மண்ணுக்கு அடியிலேயே வாரக்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும், மேலே தண்ணீர் ஊற்றினால் போதாது.

சிங்கப்பூர் 2014-ல் ஒரு சட்டம் போட்டது: வெளிநாட்டில் தீ வைத்துத் தன் காற்றைக் கெடுக்கும் நிறுவனத்துக்கு நாளொன்றுக்கு ஒரு லட்சம் சிங்கப்பூர் டாலர் வரை அபராதம். அதற்கும் எரிந்த நிலம் யார் குத்தகையில் இருந்தது என்ற வரைபடம் வேண்டும். அந்த வரைபடத்தைப் பகிரச் சொல்லித்தான் அண்டை நாடுகள் முதலில் மல்லுக்கட்ட வேண்டும்.