வாசகர் கேள்வி பதில்: யாழினியா, வள்ளியா?

கேள்வி: எங்களுக்கு மகள் பிறந்திருக்கிறாள். நானும் கணவரும் ‘யாழினி’ என்று பெயரிட விரும்புகிறோம். “இந்த ஊரில் யாருக்கு ழகரம் வரும்? பிள்ளையை யாஸினி ஆக்கிவிடுவார்கள், வள்ளி என்றே வையுங்கள்” என்கிறார் மாமியார். தங்கள் கருத்து என்ன?
– ஒரு வாசகி, ரோஸ்ஹில், மொரீசியஸ்.

பதில்: மாமியாரின் அச்சம் வீணானதன்று. ழகரத்தை ‘இசட்-எச்’ என எழுதினால், இங்குள்ள பேச்சுமொழியான கிரியோலைப் பேசிப் பழகிய நாக்கு ‘எச்’சை விழுங்கிவிட்டு ‘இசட்’டை மட்டும் அழுத்திச் சொல்லும், பள்ளியில் வருகைப் பதிவேடு வாசிக்கும் ஆசிரியரிடமிருந்து உங்கள் மகள் நாள்தோறும் கேட்கப்போவது அந்த ஒலியைத்தான். ஈழத் தமிழர் பலர் செய்வதுபோல ‘எல்’ கொண்டு எழுதுங்கள். வெளியார் ‘யாலினி’ என்பார்கள். அது பாதகமில்லை, யாழின் ஓசைக்கு அது பக்கத்து வீடுதான். ஆனால் வீட்டில் நீங்கள் இருவரும் ழகரத்தோடு அழைக்க வேண்டும்; அதற்குச் சோம்பினால் இந்தப் பெயரை வைப்பதில் பொருளில்லை.

வள்ளியும் அழகான பெயரே. காவடித் திருநாளுக்கு அரசு விடுமுறை விடும் நாட்டில் அவளை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. எழுதும்போதுதான் எச்சரிக்கை வேண்டும்: இங்குள்ள பழைய வழக்கப்படி ஈற்றில் இரண்டு ‘இ’ எழுத்துகளைப் போட்டால், பிரெஞ்சு படித்தவர்கள் அதை ‘வலே’ என்று வாசித்துக் குழந்தையைப் பள்ளத்தாக்கு ஆக்கிவிடுவார்கள். போர்ட் லூயிசில் இருக்கும் வலே பிதோ என்ற பகுதி போதாதா?

நம் முன்னோரின் பெயர்கள் எழுதப்பட்ட முறையை இளைஞர் சிலர் கேலி செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நம் மொரீசியஸ் நூறு ரூபாய்த் தாளை எடுத்து, அதில் இந்நாட்டுத் தமிழ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள். உயிரெழுத்துகளுக்கு நடுவில் வரும் ஒற்றை ‘எஸ்’ பிரெஞ்சில் ‘இசட்’டாக ஒலிக்கும், அங்கே இரட்டை ‘எஸ்’ நிற்பதால் சகரம் பிழைத்தது. ‘ஏ-என்’ என முடிந்திருந்தால் மூக்கொலியில் மறைந்திருக்கக்கூடிய னகரமும், ‘இ-என்’ என முடிவதால் தெளிவாகக் கேட்கிறது.

பதிவு அலுவலகத்துக்குச் செல்லுமுன் பெயரை நீங்கள் நினைத்திருக்கும் எழுத்துகளில் ஒரு தாளில் எழுதி, தமிழ் அறியாத அண்டை வீட்டாரிடம் நீட்டி வாசிக்கச் சொல்லுங்கள். என் வாக்கு ‘எல்’ போட்ட யாழினிக்கே.

கேள்வி: எண்கணிதப்படி மகன் பெயரில் இன்னொரு ‘ஏ’ சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?
– ஒரு வாசகர், காத்ர் போர்ன், மொரீசியஸ்.

பதில்: வேண்டாம். பிறப்புச் சான்றிதழில் ஓர் எழுத்தும் கடவுச்சீட்டில் ஓர் எழுத்துமாகி, அவன் அலுவலகம் அலுவலகமாக அலைய நேரிடும்.