வீட்டில் நமக்கென்று ஒரு கிறிஸ்துமஸ் வழக்கத்தைத் தொடங்கி, ஒரே வருடத்தில் நின்றுவிடாமல் பார்த்துக்கொள்வது எப்படி?

சின்னதாக ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு வேலையைப் பிள்ளைகள் பொறுப்பில் விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் நிலைத்தவை எல்லாம் அப்படி வந்தவைதான்.

டிசம்பர் பிறந்தாலே யோசனைகளுக்குப் பஞ்சமில்லை. எல்லோருக்கும் ஒரே மாதிரி உடை, தினம் ஒரு பரிசு, தினம் ஒரு விளையாட்டு. முதல் வாரம் ஜோராகப் போகும். பத்தாம் தேதி வாக்கில் பார்த்தால் அத்தனையும் ஒருவர் தலையில் விழுந்திருக்கும், பெரும்பாலும் அம்மா தலையில். அதனால் எதைத் தொடங்குமுன்னும் நான் பார்ப்பது ஒன்றுதான்: வீட்டில் ஒருவர் காய்ச்சலில் படுத்துவிட்டாலும் இது நடக்குமா? நடக்காது என்றால் வேண்டாம்.

எங்கள் வீட்டில் முதலிடம் குடிலுக்கு, அதாவது இயேசு பிறந்த மாட்டுத்தொழுவக் காட்சிக்கு. பெட்டியை இறக்கி, செய்தித்தாளில் சுற்றி வைத்த சொரூபங்களை ஒவ்வொன்றாகப் பிரிப்பதிலேயே பாதிக் கொண்டாட்டம் முடிந்துவிடும். காது உடைந்த ஆடு ஒன்று இருக்கிறது. புதிதாக வாங்கிவிடலாம் என்றேன், சின்னவள் விடவில்லை. அதை முன்வரிசையில் வைப்பது அவள் உரிமை.

தீவனத் தொட்டி 24ஆம் தேதி இரவு வரை காலியாகவே இருக்கும். தேவாலயத்தில் திருப்பலி வழிபாடு முடிந்து வந்த பிறகுதான் குழந்தை இயேசுவை வைப்போம். குழந்தையைக் காண வரும் ஞானிகள் மூவரும் அப்போதும் வந்து சேர்ந்திருக்க மாட்டார்கள். வேறொரு அறையில் புத்தக அலமாரியிலிருந்து கிளம்பி, நாளுக்குக் கொஞ்சமாக நகர்ந்து, ஜனவரி 6, அவர்கள் வருகையைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழா அன்றுதான் குடிலை அடைவார்கள். நகர்த்துவது பெரியவன் வேலை. ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டு மடங்கு தள்ளி வைத்துவிட்டு, "ஒட்டகம் ஓடிடுச்சு" என்பான். காசு செலவே இல்லாத இந்த விளையாட்டால், 26ஆம் தேதி காலையில் 'எல்லாம் முடிந்துவிட்டதே' என்ற சோர்வும் வருவதில்லை.

குடில் சிறியதாக இருக்கிறதே என்று யாரும் குறைபட வேண்டாம். 1223இல் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் புனிதர் அசிசியின் பிரான்சிஸ் ஏற்பாடு செய்த காட்சியில் வைக்கோல் நிரப்பிய தொட்டியும், ஒரு மாடும், ஒரு கழுதையும்தான் இருந்தன. ஓடும் தண்ணீரும் மின்னும் விளக்கும் நாம் சேர்த்துக்கொண்டவை.

அடுத்தது திருவருகைக்கால வளையம், அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளில் ஏற்றும் மெழுகுவர்த்தி வளையம். 1839இல் ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிச் விச்சர்ன், "கிறிஸ்துமஸ் எப்போ வரும்?" என்று நச்சரித்த சிறுவர்களுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை வைத்தார். வார நாட்களுக்குச் சிறியவை, ஞாயிறுகளுக்குப் பெரியவை. இப்போது ஞாயிறுக்கு ஒன்றாக நான்கே போதும் என்றாகிவிட்டது. நாங்கள் ஞாயிறு இரவு விளக்கை அணைத்துவிட்டு மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் லூக்கா நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரங்களைப் பகுதி பகுதியாக வாசிப்போம். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் ஆகாது. யார் ஏற்றுவது, யார் ஊதி அணைப்பது என்று சண்டை வரும். முறை எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வாசிப்பு நடக்காது.

கணவன் வீட்டு வழக்கமா, மனைவி வீட்டு வழக்கமா என்ற பேச்சு வந்தால், இரண்டு பக்கமும் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுவது நல்லது. பதின்வயதுப் பிள்ளை முகம் சுளித்தால் கட்டாயப்படுத்தாதீர்கள். ஆனால் அவன் வேலையைத் தம்பிக்கோ தங்கைக்கோ மாற்றவும் வேண்டாம். பெரும்பாலும் அவனே வந்து செய்வான். வெளியூரில் இருப்பவர்கள் வீடியோ அழைப்பில் அதே நேரத்தில் தங்கள் மெழுகுவர்த்தியை ஏற்றலாம். வீட்டில் ஓர் இழப்பு நேர்ந்த வருடத்தில் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதில்லை, எல்லாவற்றையும் செய்யவும் வேண்டியதில்லை. மெழுகுவர்த்தி மட்டும் போதும்.

இந்த வருடமே தொடங்குவதானால், திருவருகைக்காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். அதற்குள் வளையம் தயாராக இருக்கட்டும். தவறிவிட்டால் பரவாயில்லை, ஞானிகளை எந்த நாளிலும் கிளப்பிவிடலாம்.