நிற்க வைத்து எடுத்த ஸ்கேனா? ஆழ்சிரை பின்னோட்டம்: கேள்வி-பதில்

டாப்ளர் ஸ்கேனில் காலின் ஆழ்சிரையில் (தசைக்குள் ஆழமாக ஓடும் சிரை) பின்னோட்டம், அதாவது ரத்தம் கீழ்நோக்கித் திரும்புவது, இருப்பதாக வந்திருக்கிறது. கால் வலியோ புண்ணோ இல்லை. உடனே ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டுமா?

வேண்டாம். ஸ்கேனுக்கு யாரும் ஆபரேஷன் செய்வதில்லை, காலுக்குத்தான் செய்கிறோம்.

ரிப்போர்ட் இணைத்துள்ளேன். எந்த ஆபரேஷன் சரியாக இருக்கும்?

முதல் பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து, அதிலும் பாதி வெட்டுப்பட அனுப்பியிருக்கிறீர்கள். வயது இல்லை, முன்பு ரத்தக்கட்டி வந்ததா என்ற தகவல் இல்லை, புண் உண்டா இல்லையா என்றுகூட இல்லை. தெரிகிற ஒரே வரி: 'ஆழ்சிரையில் பின்னோட்டம் உள்ளது'. எந்தச் சிரையில்? எத்தனை விநாடி? படுக்க வைத்தா, நிற்க வைத்தா?

வாரம் தவறாமல் இப்படி ஒரு ரிப்போர்ட் வருகிறது. எனக்கு அலுத்துவிட்டது, ஆனாலும் சொல்கிறேன். பின்னோட்டம் என்பது ரத்தம் புவியீர்ப்பில் கீழே இறங்குவது. மல்லாந்து படுத்திருக்கும் காலில் அதை எப்படி அளப்பது? நோயாளி நிற்க வேண்டும், எடை மறுகாலில் இருக்க வேண்டும். கெண்டைக்காலைக் கையாலோ காற்றுப்பட்டையாலோ அழுத்திச் சட்டென்று விட வேண்டும். அப்போது ரத்தம் எவ்வளவு நேரம் கீழ்நோக்கிப் போகிறது என்பதுதான் கணக்கு. ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கச் சிரைக்குள் இதழ் போன்ற வால்வுகள் உண்டு. நல்ல வால்வுகூட மூடும்வரை துளி ரத்தத்தை விடத்தான் செய்யும். தொடைச்சிரையிலும் முழங்கால் பின்சிரையிலும் 1 விநாடிக்கு மேல் போனால்தான் அதைக் கோளாறு என்கிறோம். மேலோட்டச் சிரைகளுக்கு அரை விநாடி. விநாடி எழுதாத ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒரு தையல்கூடப் போட முடியாது.

அடுத்தது, இடுப்புப் பகுதி. கால் முழுக்கப் பார்த்துவிட்டு இடுப்புச் சிரையைத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். இடது இடுப்புச் சிரையை வலது இடுப்புத் தமனி குறுக்கே அழுத்துவது அரிதான விஷயம் அல்ல. மேலே அடைப்பு இருக்கும்போது கீழே வால்வைத் தைத்தால் உழைப்பு வீண். பல பேருக்கு அங்கே ஒரு ஸ்டென்ட் வைத்ததுமே வீக்கமும் வலியும் குறைந்து, வால்வு ஆபரேஷன் பேச்சே எழுவதில்லை. ஆகவே நிற்க வைத்து, விநாடி போட்டு, இடுப்பையும் சேர்த்துப் பார்த்த ரிப்போர்ட்டோடு எழுதுங்கள்.

வெரிகோஸ் சிரைக்கு லேசர் செய்தாயிற்று. இடுப்புச் சிரையில் அடைப்பு இல்லை என்கிறார்கள். காலை அழுத்திப் பிடிக்கும் ஸ்டாக்கிங்ஸும் (இறுக்கக் காலுறை) ஒழுங்காகப் போடுகிறேன். கணுக்கால் புண் மட்டும் 2 வருடமாக ஆறவில்லை.

இப்படித்தான் கேள்வி கேட்க வேண்டும். ஆழ்சிரை வால்வு ஆபரேஷன் உங்களைப் போன்றவர்களுக்குத்தான். உங்களுக்கு ரத்தக்கட்டி வந்ததே இல்லை என்றால், வால்வின் இதழ்கள் இருக்கும், விளிம்பு மட்டும் தொய்ந்திருக்கும். கொடிக்கயிற்றை இழுத்துக் கட்டுவது போல, மெல்லிய நூலால் அந்த விளிம்பை ஓரத்தில் சேர்த்துத் தைத்துவிடலாம். கிஸ்ட்னர் என்ற அமெரிக்க அறுவை நிபுணர் 1968-லேயே சிரையைத் திறந்து இதைச் செய்துகாட்டினார். சிரையைத் திறக்காமல் வெளியிலிருந்து தைக்கும் முறையும் உண்டு. அது எளிது, ஆனால் அவ்வளவு நாள் நீடிப்பதில்லை. கை தேர்ந்தவர் செய்தால் 5 வருடம் கழித்தும் 10 பேரில் 6, 7 பேருக்கு வால்வு வேலை செய்யும். இதை அடிக்கடி செய்கிறவரிடம் மட்டும் போங்கள்.

6 வருடம் முன்பு காலில் ரத்தக்கட்டி வந்தது. எனக்கும் அந்த வால்வைத் தைக்க முடியுமா?

பெரும்பாலும் முடியாது. கட்டி கரையும்போது வால்வு இதழ்களும் சுருங்கித் தழும்பாகிவிடும், தைக்க ஒன்றும் மிஞ்சாது. அக்குள் சிரையிலிருந்து வால்வுள்ள ஒரு துண்டை எடுத்துக் காலில் பொருத்தலாம். நல்ல வால்வுள்ள பக்கத்துச் சிரைக்கு இணைப்பை மாற்றலாம். தடித்த சிரைச் சுவரையே உரித்து இதழ் செய்யும் முறையும் இருக்கிறது. எதுவானாலும் பலன் சுமார் பாதிப் பேருக்குத்தான் நிலைக்கிறது. மேலே அடைப்பு உண்டா என்று முதலில் பாருங்கள். உங்கள் வகையில் அது மிகச் சகஜம்.

இதயத்துக்கு வைப்பது போலச் செயற்கை வால்வு கிடையாதா?

முயற்சிகள் நடக்கின்றன. ஆனால் சிரையில் ரத்தம் மெதுவாக ஓடுகிறது, அந்நியப் பொருளைக் கண்டால் உறைந்துவிடும். வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை.

ஆபரேஷன் முடிந்தால் ஸ்டாக்கிங்ஸைத் தூக்கிப் போடலாமா?

கூடாது. அப்புறம், சர்க்கரை நோயாளிகளும் புகைப்பவர்களும் இறுக்கமான ஸ்டாக்கிங்ஸ் போடுமுன் கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். தமனி அடைப்பு இருக்கிற காலை இறுக்கினால் விரல் கறுத்துப் போகலாம். எத்தனை முறை எழுதினாலும் யாரும் பார்ப்பதில்லை.

வால்வு ஆபரேஷன் ஆகி 5 வாரம். காயம் ஆறிவிட்டது, ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை நானே நிறுத்திவிட்டேன். சரிதானே?

சரியில்லை. தோலில் காயம் ஆறியதற்கும் உள்ளே தைத்த வால்வுக்கும் சம்பந்தமே இல்லை. பொதுவாக 3 முதல் 6 மாதம் மாத்திரை தேவை; முன்பு கட்டி வந்தவர்களுக்கு இன்னும் நீளும். இதைப் படித்ததும் உங்கள் டாக்டரைக் கூப்பிடுங்கள், எனக்கு மறுபடி எழுதிக்கொண்டிருக்காதீர்கள்.