குடல் ஆபரேஷனும் பிஜி டாக்டரின் தூக்கமும்: கேள்வி பதில்

பெருங்குடல், மலக்குடல் ஆபரேஷன் செய்வதும், பிஜி (பட்ட மேற்படிப்பு) மாணவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. கேள்வி கேட்டவர்களில் பாதிப்பேர் நோயாளி வீட்டார், மீதி இளம் டாக்டர்கள். இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்கப் பார்த்தேன், சரிவரவில்லை. கலந்தே தருகிறேன்.

மதுரையிலிருந்து நோயாளியின் மகன்: அப்பாவுக்கு மலக்குடலில் புற்றுநோய். அரசு மருத்துவக் கல்லூரியில் ஆபரேஷன். "அங்கே பிஜி பசங்கதான் கத்தி பிடிப்பாங்க, பிரைவேட்டுக்குப் போ" என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன செய்ய?

கத்தி யார் கையில் என்பதைவிட, எதிர்ப்பக்கம் யார் நிற்கிறார் என்று கேளுங்கள். சீனியர் எதிரே நின்று ஒவ்வொரு அடுக்கையும் பார்த்துக்கொண்டிருப்பார். சிக்கலான இடம் வந்தால் தானே வாங்கிச் செய்வார். இப்படி மேற்பார்வையில் பயிற்சி டாக்டர்கள் செய்த குடல் ஆபரேஷன்களை நிபுணர்கள் செய்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். தையல் விட்டுப்போவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, நேரம்தான் கொஞ்சம் கூட ஆகிறது. சுலபமான கேஸ்களைப் பார்த்துத்தான் பிஜிக்குக் கொடுப்போம் என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை உண்டு. அதைக் கிழிக்காமல் கட்டியோடு முழுசாக எடுத்தால் நோய் அதே இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறையும். இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் நகரில் பில் ஹீல்ட் 1982-இல் இதை எழுதிய பிறகு மலக்குடல் ஆபரேஷனே மாறிவிட்டது. அதனால் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள்: வருஷத்துக்கு எத்தனை மலக்குடல் கேஸ் செய்கிறீர்கள்? ராத்திரி பிரச்சினை வந்தால் யார் வருவார்கள்? இரண்டாவதைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம்.

அதே மகன்: வயிற்றில் பை வைப்போம் என்கிறார்கள். அப்பா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.

ஆசனவாய்க்கு மிக அருகில் குடலை இணைத்துத் தைக்கும்போது அந்த இணைப்பு ஆறும்வரை மலம் அந்தப் பக்கம் போகாமல் திருப்பிவிடத்தான் பை. 2007-இல் ஸ்வீடனில் 234 பேரை வைத்து ஒரு ஆய்வு வந்தது. பை வைக்காதவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கு இணைப்பில் கசிவு வந்து தொந்தரவு கொடுத்தது. வைத்தவர்களில் 10 பேருக்குத்தான். பெரும்பாலும் சில மாதத்தில் பையை எடுத்துவிடலாம். சிலருக்கு எடுக்க முடியாமலே போவதும் உண்டு, அதையும் முன்கூட்டியே அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். வெயில் காலத்தில் பை வழியாகத் தண்ணீர் நிறையப் போனால் கிறுகிறுத்து விழுந்துவிடுவார்கள். உப்புப் போட்ட கஞ்சி, ஓஆர்எஸ் கையில் இருக்கட்டும். ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் போனால் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.

கோவை வாசகி: ரோபோ வைத்துச் செய்தால் நல்லதா?

மலக்குடல் புற்றுநோயில் சாதாரண லேப்ராஸ்கோப்பியையும் (சிறு துளை வழியாகச் செய்வது) ரோபோவையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட ரோலார் என்ற ஆய்வு 2017-இல் வந்தது. 471 நோயாளிகள். பாதியில் வயிற்றைத் திறந்து செய்ய வேண்டி வந்தவர்கள் எத்தனை பேர் என்று பார்த்ததில், ரோபோ தெளிவாக ஜெயிக்கவில்லை. கடன் வாங்கி ரோபோவுக்குப் போகாதீர்கள்.

சேலத்திலிருந்து ஒருவர்: பெயர் பெற்ற ஆஸ்பத்திரியில் செய்தும் என் அண்ணனுக்குக் குடல் தையல் விட்டுவிட்டது. அப்படியானால் பெரிய ஆஸ்பத்திரி என்பதற்கே அர்த்தம் இல்லையா?

இருக்கிறது, ஆனால் நாம் நினைக்கிற இடத்தில் இல்லை. அமெரிக்காவில் 84,730 நோயாளிகளின் கணக்கைப் பார்த்து 2009-இல் ஒரு கட்டுரை வந்தது. குடல் மட்டுமல்ல, பல வகைப் பெரிய ஆபரேஷன்கள். இறப்பு குறைவாக உள்ள ஆஸ்பத்திரிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 25 பேருக்குச் சிக்கல் வந்தது. இறப்பு அதிகமான இடங்களில் 27. கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் பெரிய சிக்கல் வந்தவர்களில் இறந்தவர்கள் முதல் வகையில் 12.5 சதவீதம், இரண்டாவதில் 21.4. அதாவது சிக்கல் எங்கேயும் வரும். வந்ததைக் கண்டுபிடித்துக் காப்பாற்றுவதில்தான் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி வித்தியாசம்.

குடலில் கசிவு சத்தம் போட்டுக்கொண்டு வராது. நாடி 80-இலிருந்து 110-க்கு ஏறும். வயிறு லேசாக உப்பும். நேற்றுச் சிரித்துப் பேசியவர் இன்று முகம் கொடுக்க மாட்டார். மூன்றாம் நாள், நான்காம் நாள் ரத்தத்தில் சிஆர்பி (அழற்சியைக் காட்டும் அளவு) குறைய வேண்டியது குறையாமல் நிற்கும். இதையெல்லாம் முதலில் பார்ப்பது சீஃப் இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு வார்டில் நிற்கிற பிஜியும் நர்ஸும்தான். அந்த பிஜி முப்பது மணி நேரமாகத் தூங்காதவர் என்று வையுங்கள். போன் செய்தால் சீஃப் கத்துவார் என்ற பயமும் இருக்கிறது. "காலையில பாத்துக்கலாம்" என்றுதான் தோன்றும். அந்த ஆறு மணி நேரம் போதும், உயிர் போக. பயிற்சி டாக்டர்களின் நலம் என்று பேசினால் ஏதோ சலுகை கேட்பதுபோலப் பார்க்கிறார்கள். உங்கள் அண்ணன் படுத்திருந்த கட்டிலுக்குப் பக்கத்து விஷயம் அது.

முதலாண்டு பிஜி: 36 மணி நேர டியூட்டி சகஜமாக இருக்கிறது. சட்டம் எதுவும் இல்லையா?

1992-லேயே மத்திய அரசின் ரெசிடென்சி (பயிற்சி டாக்டர்களுக்கான) திட்டம் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்றது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிகள் "நியாயமான" வேலை நேரம், வார விடுப்பு என்கின்றன. நியாயம் எவ்வளவு என்று எண் போடவில்லை. 2024-இல் ஆணையத்தின் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது என்றது, பரிந்துரைதான். ஐரோப்பாவில் 48, அமெரிக்காவில் 80.

அதற்காக மணிக்கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டாலும் போதாது. அமெரிக்காவில் 117 பயிற்சி மையங்களில் நடந்த ஃபர்ஸ்ட் என்ற ஆய்வில் (2016), ஒரு ஷிஃப்ட்டின் நீளத்தைத் தளர்த்தியபோது நோயாளிகளுக்குக் கெடுதல் கூடவில்லை. நம் ஊரில் சிலர் இதை மேற்கோள் காட்டி "பாத்தியா" என்பார்கள். இரண்டு குழுவும் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்புக்குள் இருந்தன என்பதை மட்டும் விட்டுவிடுவார்கள்.

இரண்டாமாண்டு பிஜி: நான் அசிஸ்ட் செய்த கேஸ் கசிந்து ஐசியுவில் இருக்கிறார். தூக்கம் வருவதில்லை, ஆபரேஷன் தியேட்டருக்குள் போனால் கை நடுங்குகிறது.

இது உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. சிகிச்சையில் கெடுதல் நேர்ந்தால் அந்த டாக்டரும் நொறுங்குகிறார் என்று ஆல்பர்ட் வூ 2000-இலேயே எழுதினார். ரத்த ஓட்டம் சரி, இழுவை இல்லை, காற்று விட்டுச் சோதித்ததும் சரி என்றிருந்தும் கசிகிற இணைப்புகள் உண்டு. புகை பிடிப்பவர், சத்துக் குறைந்தவர், ஸ்டீராய்டு எடுப்பவர், மிகத் தாழ்வான இணைப்பு என்றால் இன்னும் அதிகம். உங்கள் நோயாளியின் கேஸ் ஷீட்டை எடுத்துக்கொண்டு, நம்பிக்கையான ஒரு சீனியரோடு உட்கார்ந்து வரிவரியாகப் பாருங்கள். வார்டுக்குப் போய் அந்தக் குடும்பத்தைப் பார்ப்பதை நிறுத்தாதீர்கள்; ஒளிந்தால் பயம் பெருகும். கை நடுக்கம் நிற்கும் வரை முதல் அசிஸ்டென்டாக மட்டும் நில்லுங்கள், சீஃபிடம் சொல்லிவிட்டே.

சாகலாம் போல எண்ணம் வந்தால் இன்றே பேச வேண்டும். அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416, தமிழிலும் பேசலாம். சொந்தக் கல்லூரியில் கூச்சமாக இருந்தால் வெளியே ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். 2019-இல் வெளியான கணக்கெடுப்பில் அமெரிக்காவின் 7,409 அறுவை சிகிச்சைப் பயிற்சி டாக்டர்களிடம் கேட்டபோது, 4.5 சதவீதம் பேர் முந்தைய ஒரு வருஷத்தில் சாகலாம் என்று நினைத்ததாகச் சொன்னார்கள்.

பெண் பிஜி, கடைசி ஆண்டு: "பொண்ணுங்களுக்கு ஸர்ஜரி தாங்காது" என்கிறார் யூனிட் சீஃப்.

அதே 2019 கணக்கெடுப்பில் பெண்களில் 65 சதவீதம் பேர் பாலினப் பாகுபாட்டைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் வேலையில் நொந்து சோர்ந்துபோவதும் (பர்ன்அவுட்) பெண்களுக்குக் கூடுதல். ஆனால் அவமதிப்பு, தொல்லை இவற்றின் பங்கைக் கழித்துப் பார்த்ததும் ஆண்-பெண் வித்தியாசமே காணாமல் போனது. தாங்க முடியாதது ஸர்ஜரி இல்லை, சீஃப்தான் என்று நான் புரிந்துகொள்கிறேன். கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களைப் பார்த்த 2023 ஆய்வில், பெண் சர்ஜன்களின் நோயாளிகளுக்குச் சிக்கல் கொஞ்சம் குறைவு. இதைச் சீஃபிடம் காட்டி வாக்குவாதம் வேண்டாம், மார்க் அவர் கையில்.

திருச்சி இல்லத்தரசி: குடல் ஆபரேஷனுக்குப் பிறகு காற்றுப் பிரிந்தால்தான் சாப்பாடு என்பது சரியா? காபி கேட்கிறார் என் கணவர்.

பழைய வழக்கம். டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் 1990-களில் இதையெல்லாம் மாற்றிக் காட்டினார். டாக்டர் தடுக்காவிட்டால் மறுநாளே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடலாம், எழுந்து நடக்க வேண்டும். காபியா? ஹைடல்பர்கில் குடல் ஆபரேஷன் ஆனவர்களுக்குக் கொடுத்தே பார்த்தார்கள் (2012). தண்ணீர் குடித்தவர்களைவிடச் சீக்கிரம் மலம் போனது. கொடுங்கள்.

ஒரு பிஜியின் அம்மா: வீட்டுக்கு வந்தால் தூக்கம்தான், பேசுவதே இல்லை. என்ன செய்வது?

தூங்க விடுங்கள். எழுந்ததும் சாப்பாட்டை வைத்துவிட்டு, கேஸ் பற்றிக் கேட்காமல் பக்கத்தில் உட்காருங்கள். தூங்கி எழுந்தும் சாப்பிடாமல், யாரோடும் ஒட்டாமல் வாரக்கணக்கில் இருந்தால் மேலே சொன்ன எண்ணைப் பயன்படுத்துங்கள். அப்புறம், நைட் டியூட்டி முடித்துவிட்டு பைக் ஓட்டிக்கொண்டு வரச் சொல்லாதீர்கள். பஸ், ஆட்டோ எதுவானாலும் சரி.