வீட்டுத் தோட்டத்தில் மீன் குளம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: தோட்டத்தில் 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 60 செ.மீ. ஆழத்தில் சிமென்ட் குளம் கட்டினேன். பூச்சு காய்ந்ததும் தண்ணீர் நிரப்பி, மறுநாளே 20 தங்கமீன் விட்டேன். ஒரு வாரத்துக்குள் பாதி செத்துவிட்டன. விற்றவர் நோய் மீனைத் தலையில் கட்டிவிட்டாரா?

பதில்: இருக்கலாம், ஆனால் நான் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்படுவேன். புது சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கரைந்து இறங்கிக்கொண்டே இருக்கும், தண்ணீரின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு; 7 நடுநிலை, அதற்கு மேல் காரம்) 10-ஐத் தாண்டிப் போவதெல்லாம் சாதாரணம். தங்கமீனுக்கு 6.5 முதல் 8.5 வரை இருந்தால் போதும். அதனால் குளத்தை நிரப்பி, சில நாள் ஊறவிட்டு, முழுவதும் இறைத்துவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும், இதைப் பல தடவை. எத்தனை தடவை என்று கேட்காதீர்கள், பி.எச். பார்க்கும் தாள் சொல்லும்வரை.

அடுத்தது அமோனியா. மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அது வந்துகொண்டே இருக்கும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும் (இதுவும் விஷம்தான்), இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், இது அவ்வளவு ஆபத்தில்லை, செடிகள் உரமாக எடுத்துக்கொள்ளும். இந்த பாக்டீரியா ஃபில்டரிலும் கற்களிலும் ஒட்டி வளர்ந்து போதுமான அளவுக்குப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும், அதற்குள் 20 மீனை ஒரே நாளில் இறக்கினால் எல்லாம் தன் கழிவிலேயே மூச்சுத் திணற வேண்டியதுதான். பி.எச். ஏற ஏற அதே அளவு அமோனியா இன்னும் கடுமையான விஷமாகிவிடும், ஆக உங்கள் குளத்தில் இரண்டு தொல்லையும் கைகோத்திருக்கிறது.

இப்போது இருக்கிற மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். சின்னத் தொட்டி என்றால் அங்கேயும் அமோனியா சீக்கிரம் ஏறும், தினமும் கொஞ்சம் தண்ணீர் மாற்றித்தான் ஆக வேண்டும். குளத்தை ஊறவைத்து, பி.எச். இறங்கியதும் நான்கைந்து மீனோடு மட்டும் ஆரம்பியுங்கள். உங்கள் குளத்தின் கொள்ளளவு 1,800 லிட்டர்தான் (மூன்று அளவையும் மீட்டரில் பெருக்கி, 1,000-ஆல் பெருக்கினால் லிட்டர்). தங்கமீன் 20 செ.மீ.க்கு மேலும் வளரக்கூடியது என்பதால், பத்துக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. கடையில் விரல் நீளத்தில் இருப்பதைப் பார்த்து யாரும் கணக்குப் போடாதீர்கள். கோய் மீன் ஆசை வந்தால் அதை இந்தக் குளத்தில் தீர்த்துக்கொள்ளாதீர்கள், அது 60 செ.மீ. வரை வளரும், ஒரு மீட்டருக்கு மேல் ஆழம் கேட்கும்.

இன்னொன்று, குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின். திறந்த பாத்திரத்தில் ஓரிரு நாள் வைத்தால் போய்விடும். ஆனால் குளோரமின் (குளோரினும் அமோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த தண்ணீராக இருந்தால் அப்படிப் போகாது, அதற்கான மருந்து ஊற்றித்தான் ஆகவேண்டும். உங்கள் தண்ணீரில் எது கலக்கிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: விடியற்காலையில் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. வெயில் ஏறியதும் சரியாகிவிடுகிறது. தண்ணீர் பச்சைப் பசேலென்று இருக்கிறது. பாசி மருந்து போடலாமா?

பதில்: வேண்டாம், முதலில் காற்று. பச்சை நிறம் என்பது கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. பகலில் அது ஆக்சிஜன் கொடுக்கும், ராத்திரி முழுக்க மீனோடு போட்டி போட்டு அதையே தின்னும். அதனால் விடிவதற்கு முன்புதான் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போகும். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 30 டிகிரியில் 7.5 தான், ஆகவே வெயில் காலத்தில் இந்தத் தொல்லை கூடும். ஏர் பம்ப்போ சின்ன நீரூற்றோ ராத்திரியில் கட்டாயம் ஓடட்டும். பலர் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று அந்த நேரத்தில்தான் அணைத்துவைக்கிறார்கள்!

பாசி மருந்து போட்டால் பாசி மொத்தமாகச் செத்து அழுகும், அழுகும்போது மிச்சமிருக்கிற ஆக்சிஜனும் காலி. பாசி வளர வெயிலும் உரமும் வேண்டும், அந்த இரண்டையும் குறையுங்கள். அல்லி மாதிரி இலை பரப்பும் செடிகள் நீர்ப்பரப்பில் பாதியாவது மூடட்டும். தீனியை இரண்டு, மூன்று நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கிற அளவுக்கு மட்டும் போடுங்கள். வாரம் ஒருமுறை 10-20 சதவீதத் தண்ணீரை மாற்றுங்கள். அவசரம் என்றால் ஃபில்டரோடு யு.வி. (புற ஊதாக் கதிர்) விளக்கு வைக்கலாம், ஆனால் நூல் நூலாக வரும் பாசிக்கு அது பயன்படாது, கையால் இழுத்துத்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: வாராவாரம் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயில் பளிச்சென்று கழுவுகிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. மேலே சொன்ன பாக்டீரியாவைத்தான் கழுவி விடுகிறீர்கள், குளோரின் வேறு சேர்ந்துகொள்கிறது. வாளியில் குளத்துத் தண்ணீரையே எடுத்து, அதில் லேசாகப் பிழிந்தால் போதும், அதுவும் நீரோட்டம் குறையும்போது மட்டும்.

கேள்வி: சிமென்ட்டே வேண்டாம், குழி தோண்டி ஷீட் விரிக்கலாம் என்றிருக்கிறேன். எவ்வளவு பெரிய ஷீட் வாங்க வேண்டும்?

பதில்: நல்ல யோசனை, சுண்ணாம்புத் தலைவலி இல்லை. நீளத்தோடு ஆழத்தை இரண்டு தடவை கூட்டுங்கள், கரையில் மடிக்க இரண்டு பக்கமும் 30 செ.மீ. சேருங்கள், அகலத்துக்கும் அப்படியே. முதல் கேள்விக்காரரின் குளத்துக்கு என்றால் 3.8 மீட்டருக்கு 3.3 மீட்டர். ஷீட்டுக்குக் கீழே பழைய கம்பளமோ மணலோ கட்டாயம், ஒரு கூரான கல் போதும் ஓட்டை போட. மரத்தடியில் மட்டும் தோண்டாதீர்கள், இலை விழுந்து அழுகும், வேரும் தொல்லை கொடுக்கும். சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடென்றால் மேலே உறுதியான கம்பி வலை போட்ட பிறகு தண்ணீர் விடுங்கள்.

கேள்வி: கப்பி மீன் பெருகிவிட்டது. பக்கத்து ஏரியில் விட்டுவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. வெளியிலிருந்து வந்த மீன் அங்கே பெருகினால் அந்த ஏரியின் சொந்த மீன்களுக்கு இரையும் இடமும் போய்விடும், நோயும் ஒட்டும். கொசுப் புழுவைத் தின்னும் மீன் என்று சொல்லி, தொட்டி வைத்திருக்கிற தெரிந்தவர்களுக்குக் கொடுங்கள், வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்கும்.