மேசைக்கு அடியில் ஒளியும் ராஜபாளையம்

வணக்கம். படம் எடுக்க வந்த வெள்ளை ராஜபாளையம் நாய், ஸ்டுடியோவுக்குள் வந்ததும் மேசைக்கு அடியில் போய்விடுகிறது, ஃபிளாஷ் அடித்தால் நடுங்குகிறது, விசிலுக்கும் திரும்புவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். முதலில் அதற்குக் காது கேட்கிறதா என்று உரிமையாளரிடம் விசாரியுங்கள். இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத நாய்கள் உண்டு. அப்படியென்றால் விசில் வீண். லென்ஸுக்கு மேலே வேகவைத்த கோழித்துண்டைக் காட்டினால் பார்க்கும்.

ஃபிளாஷை அணைத்துவிடுங்கள். ஜன்னல் பக்கம் அதன் வீட்டுப் போர்வையை விரித்து, கேமராவைத் தரையில் வையுங்கள், அதுவே வந்து மோந்து பார்க்கட்டும். நீங்களும் தரையில் பக்கவாட்டாகத் திரும்பி உட்காருங்கள். நேருக்கு நேர் பார்த்தால் பயந்த நாய் இன்னும் ஒடுங்கும். சும்மா சும்மா உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, இதெல்லாம் பயத்தின் அடையாளம். உடனே கேமராவை இறக்கிவிடுங்கள். தயவுசெய்து மேசைக்கு அடியிலிருந்து யாரும் இழுக்க வேண்டாம், அதோடு அன்றைய படம் போச்சு.

அப்புறம் செட்டிங். ஷட்டர் வேகம் 1/500 நொடியைவிட மெதுவாக வேண்டாம், அதற்காக ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200 ஆனாலும் பரவாயில்லை. வெள்ளை முடி வெளுத்துப்போகாமல் ஹிஸ்டோகிராமின் (படத்தின் இருட்டு, வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தைக் கவனியுங்கள், வரைபடம் அங்கே முட்டி நிற்கக் கூடாது.